பட்டாளத்துக்கு 166 இடம், வாத்தியாருக்கு?

காரைக்குடியில் இருக்கும் பெரியப்பாவோடு போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். 1964-இல் ரங்கூனில் கடையும் வீடும் போய்க் கப்பலேறிய குடும்பம் அது. அவர் அங்கே போய்ப் படித்து, உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியாராகி ஓய்வு பெற்றவர். பேச்சு எப்படியோ தேர்தல் பக்கம் போனது. "அப்போ எனக்கு மூணு ஓட்டுடா தம்பி. ஊர்க்காரனா ஒண்ணு, பட்டதாரியா ஒண்ணு, வாத்தியாரா ஒண்ணு" என்றார்.

அது நிஜம்தான். இந்திய அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவுப்படி சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்துக்கு ஆசிரியர்களே ஓட்டுப் போடுகிறார்கள், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்குக்குப் பட்டதாரிகள். தமிழ்நாட்டு மேலவையை எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986-இல் கலைத்துவிட்டார்கள், ஆனால் கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் இன்றும் உண்டு.

அப்புறம் அவர் கேட்டார்: "உங்க ஊர்ல வாத்தியாருக்கு இடம் உண்டாடா?"

என் அக்கா இங்கே ரங்கூனில் அரசுப் பள்ளி ஆசிரியை. அதனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது. இங்கேயும் ஒரு தொழில்காரர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் பெரியப்பா, ஆனால் அது பட்டாளத்துக்கு என்றேன். பர்மாவின் 2008 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றக் கீழவையின் 440 இடங்களில் 110, மேலவையின் 224-இல் 56, மொத்தம் 664-இல் 166. இவர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, சிப்பாய்கள்கூட இல்லை. முப்படைத் தளபதி பெயர் எழுதிக் கொடுப்பார், அவர்கள் சீருடையோடு வந்து உட்காருவார்கள். மாகாண சபைகளிலும் இதே கால் பங்குக் கணக்குதான்.

சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை மாற்ற 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும் என்றும் சொன்னேன். பெரியப்பா கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு நிமிஷம் பேசவில்லை. "664-க்கு முக்கால் 498. மக்கள் ஓட்டுல வர்றவங்களும் 498. அத்தனை பேரும் கையைத் தூக்கினாலும் ஒண்ணு குறையுதேடா" என்றார். ஆமாம், அந்த ஒன்று சீருடையிலிருந்துதான் வர வேண்டும். 2015 ஜூனில் அந்த 75-ஐ 70 ஆக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

அந்தச் சட்டம் வேண்டுமா என்று 2008-இல் நடந்த வாக்கெடுப்பில் நானும் ஓட்டுப் போட வரிசையில் நின்றவன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. நர்கிஸ் புயல் அடித்து மூன்று வாரம், மே 24. எங்கள் தெருவில் விழுந்த மரத்தை அறுத்து ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள், கரண்ட் இல்லை. வரிசையில் இருந்த பேச்செல்லாம் கூரைத் தகரம் எங்கே கிடைக்கும், குடிதண்ணீர் வண்டி எப்போது வரும் என்பதுதான். சரி என்றால் டிக், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. சீட்டுக்குள் 166 நாற்காலி இருப்பது நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள்.

தொழிலுக்கு இடம் ஒதுக்குவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்த 1937-இல் வந்த 132 பேர் சபையில் வணிகத்துக்கும் தொழில்துறைக்கும் 11 இடம், தொழிலாளருக்கு 4, ரங்கூன் பல்கலைக்கழகத்துக்கு 1. உழவனுக்கென்று ஒன்றும் இல்லை. அதே முப்பதுகளில்தான், நெல் விலை விழுந்து கடன் கட்ட முடியாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இதைச் சொல்வது நமக்குச் சங்கடம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பணம் உள்ளவனுக்குத் தனி நாற்காலியும் நிலம் இழந்தவனுக்கு அது இல்லாமலும் இருந்தால் அவன் மனசில் என்ன ஏறும் என்பதை நம் ஆட்களே பார்த்திருக்கிறார்கள்.

அதனால் தொழில் ஒதுக்கீடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெரியப்பா தன் வாத்தியார் ஓட்டைத் தானே போட்டார், பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு ஆளுக்குப் போட்டிருப்பார். இங்கே அனுப்புகிறவர் ஒருவர், திருப்பி அழைக்கிறவரும் அவரே. அந்த இடங்களில் இருப்பவர் யாருக்குப் பதில் சொல்வார்?

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், சிவப்பு மை விரல் முழுக்க. "நான் எலெக்‌ஷன்ல நிக்கணும்னா வேலையை விடணும், தெரியுமா உனக்கு?" என்றாள். அரசு ஊழியர் உறுப்பினராக முடியாது என்று அதே சட்டம்தான் சொல்கிறது, தளபதி அனுப்பும் சிப்பாய்க்கு மட்டும் அதில் விலக்கு. இருபத்தாறு வருஷம் வகுப்பில் நின்றவள். தாளை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், நானும் எதுவும் பேசவில்லை.