அடிஸ் அபாபாவில் குறிப்பெடுத்த காலம்

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஓர் ஆய்வு மையத்தில் எனக்கு வேலை, கூட்டங்களில் குறிப்பெடுத்து அதை இரண்டு பக்கத்துக்குள் அடக்கித் தருவது. ஆய்வாளர்கள் நாற்பது பக்கம் எழுதுவார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்பு மன்றத்தில் 15 நாடுகள் உட்காருகின்றன. அந்தத் தூதரக அதிகாரிகளுக்கு நாற்பது பக்கம் படிக்க ஏது நேரம்? சின்னத் தூதரகம் என்றால் ஒரே ஆள்தான் சோமாலியாவையும் சூடானையும் பருவநிலையையும் சேர்த்துப் பார்ப்பார். நாளைக்குக் கூட்டம் என்றால் இன்று மாலையே நம் தாள் அவர் கையில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து போனால் குப்பைக்குத்தான்.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 1991-இல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இந்த மன்றத்தின் போக்கை விடாமல் கவனித்து எழுதுகிறது. அதே நாட்டின் டர்பனில் 1992-இல் தொடங்கிய அக்கார்டு என்ற அமைப்பு, சண்டைக்கு நடுவே பேச்சுவார்த்தை நடத்தும் வேலையில் இருக்கிறது. அமைதி பற்றிய விவாதத்தில் இவர்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. என்ன கேட்பது என்பதை ஓரளவு அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

இடப்பெயர்வு என்று வந்துவிட்டால் கதை வேறு. 2015 நவம்பரில் மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் நடந்த உச்சிமாநாட்டில் ஐரோப்பா 180 கோடி யூரோவில் ஒரு நிதியம் தொடங்கியது. ஆப்பிரிக்கர்கள் ஏன் கிளம்பி வருகிறார்கள், அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் அதன் அக்கறை. அதற்குப் பிறகு ஆய்வுக்கான நிதியோடு, எதை ஆராய வேண்டும் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. எங்கள் ஆய்வாளர்கள் பேச நினைத்தது வேறு. 2020 கணக்குப்படி சுமார் 2.1 கோடி ஆப்பிரிக்கர்கள் இன்னொரு ஆப்பிரிக்க நாட்டில் வாழ்கிறார்கள். ஐரோப்பாவில் வாழும் ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை அதில் ஏறக்குறைய பாதிதான். ஒரு வரைவில் இதை முதல் பக்கத்தில் வைத்து, நிதி தந்தவர்களுக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது அது பின்னிணைப்பில் இருந்தது.

ஒரு கூட்டத்தில் நைஜர் தலைநகர் நியாமேயிலிருந்து வந்த ஆய்வாளர், அந்நாட்டின் வடக்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் அகடெஸ் நகரம் பற்றிப் பேசினார். முன்பெல்லாம் அங்கிருந்து லிபியாவுக்கு வாரந்தோறும் ராணுவக் காவலோடு பிக்-அப் வண்டிகள் வரிசையாகப் போகும். டிரைவர், தங்கும் வீடு வைத்திருப்பவர், தண்ணீர் கேன் விற்பவர் என்று ஊரே அதில் பிழைத்தது. குடியேறிகளைச் சட்டவிரோதமாக எல்லை கடத்துவதைத் தடுக்க 2015-இல் நைஜர் கொண்டுவந்த சட்டம் அதே டிரைவரைக் குற்றவாளி ஆக்கியது. வண்டிகளைப் பறித்தார்கள். பயணம் நிற்கவில்லை, ரோந்துக்குப் பயந்து கிணறு இல்லாத பாதைக்கு மாறியது. மாற்றுத் தொழிலுக்கான உதவி சிலருக்குத்தான் கிடைத்தது. இந்தச் சட்டத்தை உள்ளூரில் ஒருவரும் விரும்பவில்லை என்று அவர் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதினேன். இறுதி அறிக்கையில் அது 'நடைமுறைச் சவால்கள் உள்ளன' என்று ஆகிவிட்டது. 2023 நவம்பரில் ராணுவ அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது ஐரோப்பாவில் பலர் அதிர்ந்தார்கள். அந்த அறையில் இருந்த யாரும் அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் ஐரோப்பா மேல் போட்டுவிட முடியாது. மக்கள் தடையின்றிப் போய்வருவதற்கான ஆப்பிரிக்க ஒப்பந்தம் 2018 ஜனவரியில் இதே ஊரில் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 15 நாடுகள் உறுதி செய்ய வேண்டும். செய்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதே ஆண்டு மார்ச்சில் ருவாண்டாவின் கிகாலியில் கையெழுத்தான ஆப்பிரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தமோ 2019 மே மாதமே அமலுக்கு வந்துவிட்டது. சரக்கு போகலாம், அதை விற்கிறவர் போகக்கூடாது!

நாங்கள் கூட்டத்துக்கு அழைத்ததெல்லாம் வெளியுறவு அமைச்சக ஆட்களை. அவர்கள் எப்போதும் ஒப்புக்கொள்வார்கள், முடிவெடுப்பது உள்துறை. பிறகு குடிவரவு அதிகாரிகளையும் கூப்பிட ஆரம்பித்தோம். முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார்: "எங்கள் எல்லைச் சாவடியில் பாதி நாள் கரண்ட் இல்லை. பக்கத்து நாட்டு அடையாள அட்டை அசலா போலியா என்று எதை வைத்துப் பார்ப்பது?"

அடுத்த குறிப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினோம். அதற்கு நிதி தர யாரும் முன்வரவில்லை. மையத்தின் கையிருப்பிலிருந்துதான் அச்சிட்டோம்.