பாய் சுருட்டிய மாதிரி ஒரு மேகம்

டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் காலையிலிருந்து ஒரு மேகத்தின் வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்பென்டாரியா வளைகுடா ஓரம் பர்க்டவுன் என்று ஒரு குட்டி ஊர். செப்டம்பர், அக்டோபர் விடியற்காலையில் அங்கே பாய் சுருட்டிய மாதிரி ஒரு மேகம் உருண்டு வரும், பெயர் மார்னிங் க்ளோரி. சில நாள் 1000 கி.மீ. நீளம்கூட இருக்குமாம்!

சரி, எப்படி வருகிறது? பக்கத்தில் இருக்கிற கேப் யார்க் தீபகற்பத்தில் பகலெல்லாம் இரண்டு கரையிலிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து நடுவில் முட்டிக்கொள்கிறது, அந்த முட்டல் ராத்திரியில் குளிர்ந்து தாழ்ந்து கிடக்கும் காற்றில், குளத்தில் கல் விழுந்தது போல, அலையாகக் கிளம்பி வளைகுடாவைத் தாண்டி வந்துவிடுகிறது. அலையின் முன்பக்கம் ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது, பின்பக்கம் இறங்கிக் கரைந்துபோகிறது. அதாவது ஓடி வருவது அலைதான், மேகம் முன்னால் பிறந்து பின்னால் செத்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு இதுதான் தூக்கிவாரிப் போட்டது.

முந்தின ராத்திரி மதுக்கடை ஃப்ரிட்ஜ் கண்ணாடியில் பனி படிந்தால் மறுநாள் மேகம் வரும் என்பது உள்ளூர்க் கணக்கு. காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம், அவ்வளவுதான். 1989-லிருந்து கிளைடர் என்கிற எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டுகிறவர்கள் வேறு அந்த அலையின் முன்பக்கம் ஏறிச் சவாரி செய்கிறார்கள்.

விமான டிக்கெட் விலை பார்த்தேன். அப்புறம் மறுபடி வீடியோவுக்கே வந்துவிட்டேன்.