கிளஸ்டர் மையம்: மிஷின் வந்துவிட்டது, வரிசை போட்டதுதான் பெரும்பாடு

கிளஸ்டர் போட்டா அரசாங்கம் எழுபது சதவீதம் குடுக்காமே, எப்படி வாங்குனீங்கன்னு கேட்டு எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. வீரவநல்லூர், கடையநல்லூர், ராஜபாளையம் தாண்டியும்கூட. கிளஸ்டர் என்றால் ஒரே வட்டாரத்தில் ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடி, பொதுவாக மிஷின் வாங்கி ஒரு மையம் வைப்பது. மானியக் கதை வரைக்கும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. அதனால் எழுதியே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் தறிக்காரன் இல்லை. சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் நடுவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். விசைத்தறிக்குப் பல்சக்கரம் கடைவது, தேய்ந்த ஷாப்டைத் தேற்றுவது, ஒடிந்ததைப் பற்றவைப்பது இதெல்லாம்தான் பிழைப்பு. சுற்றிலும் துண்டும் காட்டன் சேலையும் ஓடுகிற தறிகள். நாலு தறி, எட்டுத் தறி என்று வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். சிலர் சொந்த நூலில் நெய்வார்கள். பலர் கூலிக்கு நெய்வார்கள்.

இவர்களுக்கு நெடுநாள் தலைவலி, பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்கு, பசை போடுவது. ஒற்றை இழை நூலில் பசை ஏறாவிட்டால் பாவு தறியில் நிற்காது. சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் உரசி உரசிப் பிசிறு கிளம்பி அறுந்துகொண்டே இருக்கும். பங்குனி, சித்திரை வறட்சியில் கேட்கவே வேண்டாம். பசை போட்டுத் தருகிற சைசிங் மில்லுக்குக் கொண்டுபோனால் நாலு தறிக்காரனின் சின்ன சரக்கை யாரும் தொட மாட்டார்கள். பெரிய ஆர்டர் முடியட்டும் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். இங்கே தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

2019-ல்தான் முதன்முதலாகப் பொது வசதி மையம் என்ற பேச்சு எடுத்தோம். சிஎஃப்சி என்றால் எல்லாருக்கும் புரியும். அந்த வருஷம் நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. யாரிடம் மனு கொடுப்பது என்று தெளிவதற்குள் கொரோனா வந்து எல்லாம் நின்றுபோனது. மறுபடி எடுத்தது 2022-ல். மத்திய சிறு குறு தொழில் அமைச்சகத்தின் புது வழிகாட்டி அந்த வருஷம் வந்தது. 5 கோடியிலிருந்து 10 கோடி வரைக்கும் உள்ள திட்டத்துக்கு 70 சதவீதம் மானியம், 10 கோடிக்கு மேல் 30 கோடி வரைக்கும் 60 சதவீதம். எங்களுடையது முதல் ரகம். மாநில அரசின் பங்கும் எங்கள் பங்கும் சேர்ந்தது மீதி. எங்கள் பங்கை முதலில் வங்கியில் போட்டுக் காட்டினால்தான் மற்றதெல்லாம் நகரும்.

மனுப் போடுவதற்கு முன்னால் ஓடுகிற மையம் ஒன்றையும் ஓடாத மையம் ஒன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஓடுவதைக் கோயம்புத்தூரில் பார்த்தோம். ஓடாதது எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஷெட், வாசலில் கல்வெட்டு. உள்ளே கம்ப்யூட்டர் வைத்து ஓட்டுகிற ஒரு சிஎன்சி மிஷின். அதன் திரையில் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தோம். "சாவி டைரக்டர்கள் மூணு பேர் கையில இருந்துச்சு. அவங்க வேலை முடிஞ்சாத்தான் அடுத்தவங்களுக்கு. அப்புறம் யாரும் வரலை. கரண்டு பில் கட்ட முடியலை." அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வருகிற வேனில் எங்கள் ஆட்கள் அதையேதான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதனால் நாங்கள் வேலையைத் தலைகீழாக ஆரம்பித்தோம். மிஷின் பட்டியல் போடுவதற்கு முன்னால் வரிசைக்கு விதி போட்டோம்.

இதில் வந்த சண்டையை நான் மறக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் அதிகத் தறி வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி. நல்ல மனுஷர், ஆனால் கறார். கூட்டத்தில் எழுந்து, "நாப்பது தறி போட்டிருக்கேன். நாலு தறிக்காரனும் நானும் ஒரே வரிசையிலயா நிக்கணும்? இது எந்த ஊரு நியாயம்வே?" என்றார். எதிர்ப்பக்கம் அவருடைய சொக்காரன் ஒருவர், "அப்ப நீரே தனியா மில்லு வச்சிக்கிட வேண்டியதுதான, எங்க கையெழுத்து எதுக்கு?" என்று எழுந்தார். பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மையத்தை நடத்த உறுப்பினர்கள் சேர்ந்து பதிகிற கம்பெனியில் எந்த ஒரு உறுப்பினரின் தொழிலும் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று திட்ட விதியே சொல்கிறது. அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் அண்ணாச்சி உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

முடிச்சை அவிழ்த்தது நூல் நம்பர்தான். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. பசை மிஷினில் 40-ஆம் நம்பர் ஓட்டிவிட்டு 60-ஆம் நம்பருக்குப் போனால் பசையின் பதம் மாற வேண்டும். தொட்டியில் மிச்சம் இருப்பதைக் கழித்து, கழுவி, புதுசாகக் காய்ச்சி ஏற்ற வேண்டும். மாவும் வீண், நேரமும் வீண், விறகும் வீண். ஒரே நம்பரை ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் இந்த நஷ்டம் இல்லை. அதனால் ஆளுக்கு வரிசை வைக்காமல் நம்பருக்கு வரிசை வைத்தோம். இன்ன கிழமைகளில் 40, இன்ன கிழமைகளில் 60. அந்தக் கிழமைக்குள் யார் முதலில் நூலைக் கொண்டுவந்து எடை போட்டுப் பதிகிறாரோ அவருக்கு முதல் இடம். நாலு தறிக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு செட், அதாவது ஒரே தடவையில் பசை ஏற்றுகிற சரக்கு, போட்டுக்கொள்ளலாம். அண்ணாச்சிக்கும் இது லாபம், அவர் சரக்கு முழுக்க 40. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும், "சரி, ஓட்டிப் பாப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய வார்த்தை.

நாலு பேர் சேர்ந்து ஒரு செட் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆளாளுக்கு வெவ்வேறு மில் நூல் என்றால் பசை ஒன்றுபோல் ஏறாது, பாவு சுற்றுகிற உருளையான பீமில் ஒரு பக்கம் விறைப்பாகவும் ஒரு பக்கம் தொய்வாகவும் வரும். ஆகவே சேர்ந்து செட் போடுகிறவர்கள் சேர்ந்தே நூல் வாங்க வேண்டியதாயிற்று. மொத்தமாக வாங்கினால் வியாபாரியிடம் விலை பேசலாம் என்பதை அப்போதுதான் பலர் நேரில் கண்டார்கள். இதற்கு மானியம் எதுவும் தேவைப்படவில்லை.

இனி காகித வேலை. சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சாமர்த்தியத்தைவிடப் பொறுமைதான் வேண்டும். கம்பெனி பதிவு, டைரக்டர்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து, உறுப்பினர் எல்லாருக்கும் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு. பழைய உத்யோக் ஆதார் வைத்திருந்தவர்கள் அதை மாற்ற வேண்டியிருந்தது, 2020 ஜூலையிலிருந்து உத்யம்தான். இதில் நாங்கள் எதிர்பாராத முடிச்சு மின் இணைப்பு. தறி மகன் பெயரில், உத்யம் மருமகள் பெயரில், மின் இணைப்பு காலமான தாத்தா பெயரில். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது, 2023 மார்ச்சில் 1000 ஆனது. பெயர் மாற்றப்போய் அந்தச் சலுகை கைவிட்டுப் போகுமோ என்று ஒருவரும் இணைப்பைத் தொடத் தயாரில்லை. ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து பேசித்தான் சரிசெய்தோம். நீங்கள் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வேலையாக எல்லாருடைய கரண்டு அட்டையையும் வாங்கிப் பாருங்கள்.

விரிவான திட்ட அறிக்கை எழுத ஒரு ஆலோசகரைப் பிடித்தோம். அவர் கொடுத்த முதல் பிரதியில், எங்கள் வட்டாரத்தின் முக்கியப் பிரச்சினை, தண்ணீரைப் பீய்ச்சி நூலைச் செலுத்துகிற வாட்டர் ஜெட் தறிகளுக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று இருந்தது. எங்கள் பக்கம் வாட்டர் ஜெட் தறியைக் கண்ணால் பார்த்தவனே கிடையாது. வேறு எந்த ஊருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். நாங்களே உட்கார்ந்து தறி எண்ணிக்கை, நூல் நம்பர், மாதத்துக்கு எத்தனை பாவு என்று வீடுவீடாக எடுத்துக் கொடுத்த பிறகுதான் அறிக்கைக்கு உயிர் வந்தது. மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் துருவியது அந்தக் கணக்கைத்தான். மையத்தின் முழுத் திறனில் 60 சதவீதம் ஓடுவதற்குள்ளேயே வரவும் செலவும் சமமாகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டார்கள். ஆடித்தபசுக்குத் தறி நிற்கும், தீபாவளிக்கு அடுத்து ஆள் வரமாட்டான், இதையெல்லாம் கழித்துத்தான் நாங்கள் சொன்னோம். முந்நூற்று அறுபத்தைந்து என்று எழுதியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்போம்.

கட்டடம், டெண்டர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் வழக்கமான இழுபறி. பசை மிஷினுக்கு நீராவி தருகிற கொதிகலனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதற்குத் தனிப் பதிவு, வருஷா வருஷம் பரிசோதனை, அதை ஓட்டச் சான்றிதழ் உள்ள ஆள் எல்லாம் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஒரு இசைவாணை, ஓட்டுவதற்கு ஒரு இசைவாணை. சாயம் போடுகிற பிரிவையும் சேர்க்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற செலவு எங்கள் அளவுக்குத் தாங்காது. அதைச் சேர்த்திருந்தால் இன்றைக்குப் பசையும் ஓடியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

என் பங்கு மிஷின் பக்கம். மையத்தில் ஒரு சிஎன்சி லேத்தும் பல் வெட்டுகிற ஹாபிங் மிஷினும் வேண்டும் என்று நாங்கள் பட்டறைக்காரர்கள் கேட்டபோது, "தறிக்காரன் காசுல லேத்துக்காரன் மிஷின் வாங்குதான்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் வாதாடவில்லை. பட்டறையில் கிடந்த ஒரு சாக்கை அவிழ்த்துக் கூட்டத்தில் கொட்டினேன். முழுக்கத் தேய்ந்த பிக்கிங் நோஸ். குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு பாவுக்கு நடுவே ஓடுகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற கேமில் இருக்கும் மூக்கு அது. மூக்கு மழுங்கினால் அடியில் வேகம் குறையும், நாடா பாவுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், நூற்றுக்கணக்கில் இழை அறும். ஒருநாள் முழுக்கப் பிணைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சாக்கிலிருந்ததில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. எங்கள் தறிகள் பல ஊர்களில் பழசாக வாங்கியவை, ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு. ஒன்று போனால் கோயம்புத்தூருக்கு மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மிஷின் வருவதற்கு முன்பே நாங்கள் ஒரு வேலை செய்தோம். பாலிடெக்னிக் படித்த பையன்கள் இரண்டு பேரை வைத்து, அடிக்கடி போகிற பாகங்களை எல்லாம் அளந்து வரைபடம் போட்டு எண் கொடுத்தோம். கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கீழ் ஷாப்ட் ஒரு சுற்று, எந்தச் சாதாத் தறியிலும் இந்தக் கணக்கு மாறாது. பல் எண்ணிக்கையும் துளையின் அளவும்தான் மாறும். அளந்து முடித்தபோது, இருபது ரகம் என்று நினைத்துக்கொண்டிருந்த சக்கரம் ஐந்தாறு ரகத்தில் அடங்கிவிட்டது. இப்போது தறிக்காரர் போன் போட்டு எண்ணைச் சொன்னால் போதும். மாதிரியைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏறுவதில்லை. அந்த வரைபடக் கட்டு இல்லாமல் ஹாபிங் மிஷின் மட்டும் வந்திருந்தால் அதுவும் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல்தான் நின்றிருக்கும்.

மையம் ஓட ஆரம்பித்ததும் மேலாளராக வெளியூர்க்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தோம். இங்கே யாருக்கும் மாமனோ மச்சானோ கிடையாது, அதுதான் முக்கியத் தகுதி. சாவியும் பதிவேடும் அவரிடம். டைரக்டர்கள் யாரும் பசைத்தொட்டிப் பக்கம் நின்று உத்தரவு போடக் கூடாது. கூலி கட்டாமல் பீம் வெளியே போகாது. முதல் மாதமே என் மைத்துனர் சரக்கை அவர் நிறுத்திவைத்துவிட்டார். வீட்டில் எனக்குச் சாப்பாடு சரியாகக் கிடைக்காத வாரம் அது. ஆனால் ஊரில் அந்தச் சேதி பரவியதும் பாக்கி வைப்பது நின்றுவிட்டது. உறுப்பினர் அல்லாதவர்களையும் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் எடுக்கிறோம். அவர்கள் இல்லாவிட்டால் கொதிகலனைப் பாதி நாள் அணைத்துப் போட வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கொதிகலன் ஓட்டுகிறவர் நல்ல சம்பளம் கிடைத்துக் கங்கைகொண்டான் பக்கம் போய்விட்டார், மாற்று ஆள் தேடுகிறோம். ஹாபிங் மிஷினுக்குத் தறி வேலை மட்டும் போதவில்லை. அரிசி ஆலை, காற்றாலைப் பராமரிப்பு என்று வெளி வேலை பிடித்து ஓட்டுகிறோம். பெரிய பாகம் ஏதாவது போனால் மாற்றுவதற்கு என்று கட்டணத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுகிறோம். மின்கட்டணமும் விறகு விலையும் ஏறியதில் அந்தக் கணக்கு தேய்ந்துகொண்டே வருகிறது. கட்டணத்தை ஏற்ற அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன் என்று நாற்பது தறி அண்ணாச்சி இப்போதே சொல்லிவிட்டார். நாலு தறிக்காரர்களில் எத்தனை பேர் எங்கள் பக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.