ஏர் இன்டேக் மாற்றிய கதையும் அணைய மறுத்த எஞ்சின் விளக்கும்

என் ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு வெளிக் கம்பெனியின் ஏர் இன்டேக் கிட்டைப் (எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ஃபில்டர், குழாய்த் தொகுப்பு) பொருத்த ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு வந்த தொல்லையைத் தீர்க்க இரண்டு வாரம் ஆயிற்று. காற்றளவு சென்சாரைப் புதிய குழாய்க்கு மாற்றும்போது அதன் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கிறதா என்று இருமுறை பார்த்துக்கொண்டேன். மற்றபடி பொருத்திய வேலையில் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாளே எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்கியது. ஸ்கேனர் காட்டிய பி0171 என்ற குறியீட்டுக்கு, காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள். ஃபில்டரில் பூசிய எண்ணெய் சென்சாருக்குள் காற்றை அளக்கும் கம்பியில் படிந்துவிட்டது என்று வொர்க்‌ஷாப்பில் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்தார்கள். எண்ணெய் அதிகமானால் அப்படி நடப்பதுண்டுதான். ஆனால் என்னுடையது எண்ணெயே தேவைப்படாத உலர் ஃபில்டர் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சென்சாரைத் துடைத்துக் கட்டணமும் வாங்கினார்கள். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தபோது, புதிய சென்சார் போட வேண்டும் என்றார்கள்.

வண்டியைத் திரும்ப எடுத்து வந்து, ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணக்குப்படி விடும் பெட்ரோலை எஞ்சின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, நானே கவனித்தேன். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) 22 சதவீதம் கூடுதலாக இருந்த திருத்தம், 3000 ஆர்பிஎம்மில் 5 சதவீதமாக இறங்கியது. சென்சார் அழுக்காகியிருந்தால், காற்று கூடக் கூடத் திருத்தமும் கூடுவதே வழக்கம். ஐடிலில் மட்டும் இப்படி எகிறினால், த்ராட்டிலுக்கு (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) அப்பால் எங்கோ சென்சார் அளக்காத காற்று உள்ளே புகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். (இந்த எண்களைப் பார்க்காமல் எவரும் சென்சார் வாங்க வேண்டாம்.)

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையைக் கொடுக்காமல், எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டுபோகும் வெற்றிடக் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தேன். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பகுதி) போகும் மெல்லிய ரப்பர் குழாயை நசுக்கியதும் ஆர்பிஎம் நிலைத்தது. பழைய பெட்டியை இழுத்தபோது நான் அலட்சியமாக ஒதுக்கித் தள்ளிய அதே குழாய், வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடித்திருந்தது. கிட்டின் மேல் குற்றமே இல்லை. முதுமையில் இறுகிப்போன ரப்பரை இழுக்காமல் கழற்றியிருக்க வேண்டும். இந்த வேலையில் இறங்குவோர் முதலில் அந்தக் குழாய்களைத்தான் பார்க்க வேண்டும்.

புதுக் குழாய் போட்டு இரண்டு நாள் ஓட்டியபின் திருத்தம் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. விளக்கு அதன்பின் எரியவில்லை. சென்சார் துடைத்ததற்குக் கொடுத்த பணம்தான் திரும்பவில்லை.