விண்டோஸ் ஹார்டனிங் லேப் தேர்வு: ஸ்கிரிப்ட்டைச் சுருக்குங்கள்

விண்டோஸைப் பாதுகாப்பாக இறுக்கும் (ஹார்டனிங்) லேப் தேர்வில், மெஷினின் பாதுகாப்பு விதிகளான லோக்கல் செக்யூரிட்டி பாலிசியை வைக்கும் ஸ்கிரிப்ட் என்றாலே பாலிசிக்கு ஒரு வரி, நடுநடுவே இஃப், எல்ஸ் என்று நீட்டிக்கொண்டே போகிறோம். தேர்வில் நேரம் போவது அங்கேதான். செட்டிங் எல்லாம் தனி ஃபைலில் இருக்கட்டும், ஸ்கிரிப்ட்டுக்கு அதை ஏற்றும் வேலை மட்டும் போதும் என்று பிரித்த பிறகு, என்னுடைய ஸ்கிரிப்ட் ஒரே ஸ்கிரீனில் அடங்கிவிட்டது.

அந்த ஃபைலைக் கையால் எழுத வேண்டியதில்லை. ஒரு விர்ச்சுவல் மெஷினில் செக்பால் (இந்தப் பாலிசிகளை வைக்கும் விண்டோ) திறந்து வேண்டியதை வைத்துவிட்டு, செக்எடிட் என்ற கமாண்டில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் செட்டிங் எல்லாம் எழுத்தாக இருக்கும் ஐஎன்எஃப் ஃபைல் வந்துவிடும். அதில் தேவையில்லாத வரிகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மெஷினின் மற்ற செட்டிங்கும் சேர்ந்து போய் உட்கார்ந்துகொள்ளும். யூனிகோட், வெர்ஷன் பகுதிகளில் மட்டும் கை வைக்காதீர்கள் (வெர்ஷனில் 'சிகாகோ' என்று இருக்கும், விண்டோஸ் 95-இன் பழைய குறிப்பெயர், இன்னும் யாரும் எடுக்கவில்லை!).

அதே ஃபைலில் ரொம்பக் கவனம் வேண்டிய இடம், யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும் பிரிவிலேஜ் ரைட்ஸ் பகுதி. அங்கே எழுதும் பட்டியல் பழையதோடு சேராது, பழையதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், அதனால் கெஸ்டை எடுக்கப்போய் அட்மினையும் விட்டுவிடாதபடி முழுப் பட்டியலையும் எழுதுங்கள். பெயருக்குப் பதிலாக எஸ்ஐடி (கணக்கையோ குழுவையோ குறிக்கும் அடையாள எண்) போடுவது நல்லது. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு எஸ்-1-5-32-544, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. ஜெர்மன் விண்டோஸில் அந்தக் குழுவின் பெயரே வேறு, ஆனால் எண் மாறாது.

எந்த நிகழ்வுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆடிட்டைப் பொறுத்தவரை ஐஎன்எஃப்புக்குத் தெரிந்தது 9 பெரிய பிரிவுகள்தான். உட்பிரிவு கேட்டால் ஆடிட்பால் என்ற கமாண்ட்தான். அதிலும் வரிவரியாக எழுதாமல் பேக்கப் எடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள்.

அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட், அதாவது ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்கை வைத்திருக்கும் இடம்) வழியாக வேலை செய்யும் பாலிசிகள். ரெஜிஸ்ட்ரியில் நேரடியாக எழுதினால் செட்டிங் வேலை செய்யும், ஆனால் குரூப் பாலிசி எடிட்டரான ஜிபிஎடிட்டில் 'நாட் கான்ஃபிகர்டு' (எதுவும் வைக்கப்படவில்லை) என்றே காட்டும், அதைத் திறந்து பார்க்கும் எக்ஸாமினரிடம் என்ன சொல்வீர்கள்? மைக்ரோசாஃப்ட்டின் செக்யூரிட்டி கம்ப்ளையன்ஸ் டூல்கிட்டில் எல்ஜிபிஓ என்று ஒரு சின்ன டூல் இலவசமாகக் கிடைக்கிறது, இந்தப் பகுதிக்கு அதுதான் சரி.

ஓட்டி முடித்ததும் மறுபடி எக்ஸ்போர்ட் எடுத்து இரண்டு ஃபைலையும் ஒப்பிடுங்கள். ஏதாவது ஏறவில்லை என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் செக்யூரிட்டி, லாக்ஸ் என்று போய் எஸ்சிஈஎஸ்ஆர்வி லாகைப் பாருங்கள். மெஷின் டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் நெட்வொர்க்) இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்; அங்கிருந்து வரும் பாலிசி லோக்கலை மேலெழுதிவிடும், ஸ்கிரிப்ட்டில் குறை தேடி உட்கார வேண்டாம்.