கண்ணகி நகரில் நடன வகுப்பு: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

லண்டனிலோ டொரொன்டோவிலோ நடனம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு, சென்னைக்கு வந்து வசதியில்லாத இளையவர்களோடு வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் ஆறு வாரம் தங்கி, ஒரு நிகழ்ச்சி போட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதாக இருந்தால் வர வேண்டாம் என்றே சொல்வோம். சென்னையின் தென் ஓரத்திலுள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றுமே வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் ஊர்கள். கண்ணகி நகர் 2000 முதல் வளர்ந்தது. 2004 சுனாமியில் வீடிழந்தவர்கள் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் வந்தார்கள். பழைய பள்ளி, கூட்டாளிகள், அம்மா வேலை பார்த்த வீடுகள் எல்லாம் நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. வந்து பழகிவிட்டுத் திடீரென்று காணாமல் போகும் பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்தாயிற்று. ஜூனில் பள்ளி திறப்பதிலிருந்து ஏப்ரல் வரை ஒரு முழுக் கல்வியாண்டு இருக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

விசா விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். சுற்றுலா இ-விசாவில் சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் இடமுண்டு. அதற்கு மேல் என்றால், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பெயர் குறித்த வேலை விசா வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இதை இணையத்திலேயே செய்யலாம். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் இந்தியக் குடியுரிமைத் தொடர்பு இல்லாத ஈழத்துக் குடும்பப் பிள்ளைகளுக்கு அந்த அட்டை கிடைக்காது. பணத்திலும் எச்சரிக்கை தேவை. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மாமா அனுப்பும் ஆயிரம் டாலரும் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்பும் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இது தெரியாமல் ஊரில் பணம் திரட்டிவிட்டு வந்து முழிப்பவர்கள் உண்டு.

வாடகை வீட்டை துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கமாகப் பாருங்கள். மயிலாப்பூரில் தங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தால் ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் பாதி மாலை போய்விடும். வகுப்பு தாமதமானால் பெண்பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். மாலை 4.45க்குத் தொடங்கி 6 மணிக்கு முடிப்பது சரியாக வரும். தண்ணீர் வரும் நேரத்தை அந்தந்த பிளாக் அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டு கிழமையை வையுங்கள். குடம் தூக்க வேண்டிய பெண் எந்தக் கலைக்காகவும் வரமாட்டாள்.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவர் தாழ்வு, வெயில் காலத்தில் தளம் பாதத்தைப் பொசுக்கும். சமுதாயக் கூடம் கிடைத்தால் நல்லது, ஆனால் வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் கல்யாணமும் மஞ்சள் நீராட்டும் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆடியில் கூடம் காலி, ஆனால் அம்மன் கோயில் மைக்செட்டுக்கு முன்னால் உங்கள் ப்ளூடூத் ஸ்பீக்கர் எடுபடாது. அந்த மாதத்துக்கு இசையில்லாத பயிற்சிகளை ஒதுக்கி வையுங்கள். தேவாலயக் கூடமோ மாலையில் அங்கன்வாடியோ மாற்றாகக் கையில் இருக்கட்டும்.

தரை எங்கும் சிமென்ட்தான். பரதம் படித்தவர்கள் உடனே தட்டடவில், அதாவது காலை அழுத்தித் தட்டும் முதல் பாடத்தில் இறங்குவார்கள். மூன்றாம் வாரம் பிள்ளைகள் குதிகாலையும் முன்கால் எலும்பையும் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மரத்தளம் இல்லாத இடத்தில் அழுத்தித் தட்டுவதும் தொடர்ந்து குதிப்பதும் கூடாது. முதல் இரண்டு மாதம் நடை, சாய்வு, திரும்புதல், கை வேலை போதும். குதித்தால் முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, பிறகு குதிகால் இறங்கி, முழங்கால் மடிய வேண்டும். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே போகிறதா என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். பாதத்தை மட்டும் திருப்பி இடுப்பைத் திருப்பாதவருக்கு முழங்கால் வலி நிச்சயம். ஜமுக்காளம் விரித்தால் வழுக்கும். கூட்டித் துடைத்த வெறுந்தரையே மேல். ஆணியும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும் என்பதால் துடைப்பத்தோடு பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள்.

இரண்டு பெரியவர்களுக்கு 20 பிள்ளைகள், அதற்கு மேல் சேர்க்காதீர்கள். 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று, ஆளுக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கை வேர்க்கடலை. இதை வகுப்பு முடிந்து கொடுப்பது வழக்கம், ஆனால் தொடங்கும்போது கொடுப்பதுதான் சரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவர்கள்தான் ஐந்தரை மணிக்குத் தலைசுற்றி விழுவார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாராக இருக்கட்டும்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டிய அளவு.

வெளிநாட்டுப் பட்டறைகளில் பழகிய சில பயிற்சிகள் இங்கே முதல் நாளே முறியும். கண்ணை மூடச் சொன்னால் சிலர் மூடமாட்டார்கள், மல்லாந்து படுக்கச் சொன்னால் பெண்பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள். வீட்டிலோ தெருவிலோ அடிபட்ட உடம்புக்கு அது பாதுகாப்பான நிலை அல்ல. கண்ணைத் திறந்தபடி தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னால் அதே அமைதி கிடைக்கும். 13 வயதுக்கு மேல் ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டம் போடுவதும் நடக்காது. அதற்கு இரண்டு பேருக்கு ஒரு துண்டு கொடுங்கள், சாதாரண ஈரிழைத் துண்டு போதும். ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். துண்டு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது என்பது மட்டும்தான் விதி. முதலில் நின்ற இடத்தில், பிறகு நடந்து, பிறகு உட்கார்ந்து எழுந்து. எதிரில் இருப்பவர் எடையை எங்கே மாற்றுகிறார் என்று கையிலேயே தெரியும். வாய்ச்சண்டைக்காரன் என்று பெயரெடுத்த பையன் துண்டைத் தொய்யவிடாமல் ஒரு பாட்டு முழுக்க நகர்வதைப் பார்க்கலாம். தொடாமலேயே கவனம் வந்துவிடுகிறது, ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கும் அண்ணன்களுக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பிள்ளைகளின் உடம்பில் தாளம் ஏற்கனவே இருக்கிறது. சாவு ஊர்வலத்தில் அடிக்கும் அடிக்கு ஆடிப் பழகியவர்கள், கானா கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் பறையிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றும். தொடங்கலாம், ஆனால் பெற்றோரைக் கேட்ட பிறகு. சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்ட குடும்பங்களில், என் பிள்ளை கையில் அது வேண்டாம் என்பவர்களும் உண்டு, பெருமையோடு எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே நியாயம். பறை சொல்லிக்கொடுக்க அந்தப் பகுதிக் கலைஞரை அழைத்து, பரத ஆசிரியருக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் கவனிப்பார்கள். பிளாக்கில் சாவு விழுந்தால் அன்று வகுப்பு கிடையாது. கேட்கவே வேண்டாம்.

சட்டத்தில் இரண்டைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2012 போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098ஐ எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். வழக்கில் சிக்கிய சிறாரைத் தங்கவைக்கும் அரசு கூர்நோக்கு இல்லத்தில் வகுப்பெடுக்க குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறையின் அனுமதி வேண்டும். அங்குள்ள பிள்ளைகளின் முகமோ பெயரோ வெளியே போகவே கூடாது.

நிகழ்ச்சி வேண்டுமா என்ற கேள்வி டிசம்பரில் வரும். சபா மேடை தேடி அலைய வேண்டாம். 2015இல் பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்பிலேயே மேடை போட்டுக் கர்நாடக இசையும் நாட்டார் கலைகளும் ஒன்றாக நடந்தது நல்ல முன்மாதிரி. பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள திறந்தவெளியில், எட்டு நிமிட உருப்படி, அம்மாக்கள் நின்று பார்க்கும்படி ஆறரை மணிக்கு வைத்தால் போதும். வடகிழக்குப் பருவமழை ஓயாத மாதம் என்பதால் கூடத்தையும் பதிந்து வையுங்கள்.

ஐந்தாம் மாதத்திலிருந்தே 18 வயது தாண்டிய இரண்டு பேரைத் துணை ஆசிரியர்களாக எடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாதச் சம்பளம் தேதி தவறாமல் வங்கிக் கணக்கில் போக வேண்டும். கூடத்தின் பதிவு, சாவி, பெற்றோர் எண்கள் எல்லாவற்றையும் பிப்ரவரிக்குள் அவர்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் அவர்கள் நடத்த நீங்கள் பின்வரிசையில் நின்று ஆடுங்கள்.