மணியடிக்க ஆள் இல்லாத பல்கலைக்கழகம்

தில்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போகும்போது எதிர்ப்படுகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இக்னோல சேரலாமா, கஷ்டமா இருக்குமா?" இக்னோ என்பது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்; வீட்டிலிருந்தே படிக்கலாம். சேருவதில் ஒரு கஷ்டமும் இல்லை. சேர்ந்த பிறகு நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள், அதுதான் கஷ்டம். பி.ஏ. முடித்து இருபது வருடம் கழித்துப் புத்தகத்தைத் தொட்டு, அங்கே சமூகவியலில் எம்.ஏ. வாங்கியவள் நான். முதல் ஜூன் தேர்வையே கோட்டை விட்டவளும் நான்தான்.

சேர்க்கைக்குப் பணம் கட்டியாயிற்று, புத்தகப் பார்சல் வந்தாயிற்று, அசைன்மெண்ட்டும் கொடுத்தாயிற்று. ஹால் டிக்கெட் தானாக வரும் என்று உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் அப்படித்தானே வந்தது! இங்கே ஜூன், டிசம்பர் என்று ஒவ்வொரு முறையும் தேர்வுக்குத் தனியாகப் படிவம் நிரப்பி, தாளுக்கு இவ்வளவு என்று கட்டணமும் கட்ட வேண்டும். எனக்கு அது தெரிய வந்தபோது கடைசித் தேதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. இரண்டாம் வருடத்துக்கான மறுபதிவும் அப்படித்தான், நாமே செய்ய வேண்டும். முதல் வருடத் தேர்வு எழுதாவிட்டாலும் அதைச் செய்யலாம் என்பதால், தேர்வு போன சோகத்தில் அதையும் விட்டுவிடாதீர்கள்.

அப்போது கோபம் வந்தது. பிறகு கணக்குப் பார்த்தால் நியாயம் புரிந்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் இது. 1987இல் மேலாண்மை, தொலைநிலைக் கல்வி என்று இரண்டே டிப்ளமோ படிப்புகளும் 4,528 மாணவர்களுமாகத் தொடங்கியது. இன்று 30 லட்சம் பேருக்கு மேல் என்று அவர்களே சொல்கிறார்கள். தில்லிக்கு மட்டும் மூன்று மண்டல மையங்கள். தலைமையகம் மைதான் கடியில் இருக்கிறது; ஒருமுறை சாகேத் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய், வரிசையில் நின்றபோதுதான் நான் ஒரு எண்ரோல்மெண்ட் நம்பர் என்று மனசில் பதிந்தது. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, நம்பர் சொன்னால் எல்லாம் வரும். அதனால் அசைன்மெண்ட் கொடுக்கும் முன் முழுவதையும் ஜெராக்ஸ் எடுங்கள், கொடுத்ததற்குச் சான்று வாங்குங்கள், கிரேடு கார்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், மதிப்பெண் ஏறும்வரை இரண்டையும் தொலைக்காதீர்கள்.

அப்புறம் நேரம். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறார்கள். என் முதல் வருடத்தில் எட்டு கிரெடிட் தாள் நான்கு. மொத்தம் 960 மணி நேரம், அதாவது தினம் இரண்டரை மணிக்கும் கொஞ்சம் மேல். சமையலும் பிள்ளைகளின் பள்ளி வேனும் போக எனக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. பாதிதான் கிடைத்தது, அதுவும் காலை ஐந்து மணிக்கு. ஞாயிறு வகுப்புகள் கட்டாயம் இல்லை. நான் பாதிக்குப் போனேன், முக்கியமாக ஆராய்ச்சி முறைகள் தாளுக்கு. அதைத் தனியாகப் படித்தால் தூக்கம்தான் வரும். பாடநூல்கள் இக்னோவின் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டும் முன் இரண்டு அத்தியாயம் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா, வேறு பாடம் பாருங்கள்.

அசைன்மெண்ட்டுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். முன்னதில் எண்பது வாங்கியிருந்தாலும் தேர்வில் நாற்பது வராவிட்டால் அந்தத் தாள் போச்சு. இணையத்தில் விற்கும் தயார் விடைகளைப் பார்த்து எழுதினால் தேர்வறையில்தான் அதன் வலி தெரியும். சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் சொன்ன சமஸ்கிருதமயமாக்கல் (கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி உயரப் பார்ப்பது) பற்றிய விடையை அடித்துத் திருத்தி மூன்று முறை எழுதினேன். தேர்வில் அதை ஒட்டியே கேள்வி வந்தபோது கை தானாக ஓடியது.

கை என்றதும் ஒன்று. மூன்று மணி நேரத்தில் ஐந்து பெரிய விடைகள். செல்போனில் மட்டுமே எழுதிப் பழகிய விரல்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே மடங்க மறுக்கும். அதுவும் தில்லியில் டிசம்பர் காலை பத்து மணித் தேர்வென்றால் கேட்கவே வேண்டாம். பனிமூட்டத்தில் பேருந்து ஊர்ந்து வரும், அறையில் ஹீட்டர் இருக்காது. விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு எழுதினேன். ஜூன் மதியம் இரண்டு மணித் தேர்வு வேறு மாதிரி: வியர்வையில் விடைத்தாள் கையோடு ஒட்டும், அடியில் வைக்க ஒரு கைக்குட்டை வேண்டும். என்னைக் கேட்டால் டிசம்பரே மேல். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னிருந்து பழைய கேள்வித்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து வாரம் ஒன்றாவது எழுதிப் பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் கார் ஓட்டும் தம்பி ஒருவன், "அக்கா, நான் பத்தாவதுதான். நம்மள எல்லாம் சேத்துப்பாங்களா?" என்றான். பன்னிரண்டாவது இல்லாதவர்களும் பட்டப்படிப்பில் சேர இக்னோ ஒரு ஆயத்தப் படிப்பு நடத்தியது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையைப் பார்ப்பார்கள். அவனுக்கோ ஊரில் அரசு வேலை மேல் கண். முதலில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவதை முடி, பிறகு பட்டத்துக்கு வா என்றேன். பத்தாவது மதிப்பெண் சான்றிதழ் விழுப்புரத்தில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.